தாயிடம் இருந்து பிள்ளையைப் பிரித்த ரெயில்!

ரெயில் நின்றது.

பெட்டியில் இருந்து சிறுவர், சிறுமிகள் வரிசையாக இறங்கினார்கள். ஊர் மக்கள் கூடி நின்றார்கள். பிள்ளைகளை மேடையில் ஏற்றினார்கள்.

விவசாயிகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "வேலை செய்வானா?" என்று கையை அழுத்திப் பார்த்தவர்களும் உண்டு. பிடித்த பிள்ளையை அழைத்துப் போனார்கள். அண்ணன் ஒரு வீட்டுக்கு. தங்கை இன்னொரு வீட்டுக்கு!

மாட்டுச் சந்தை போல் இருக்கிறதா? அமெரிக்காவில் "அநாதைகளுக்கு உதவி" என்று இப்படித்தான் நடந்தது!

2 லட்சம் பிள்ளைகள்

நியூயார்க் நகரில் அப்போது வீடு இல்லாத பிள்ளைகள் ஏராளம். பத்திரிகை விற்றுப் பிழைத்தார்கள். தெருவில் தூங்கினார்கள்.

அவர்களைப் பார்த்து இரக்கப்பட்டவர் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற பாதிரியார். 1853-ம் ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார். கிராமத்துக் குடும்பங்களில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். 1854-ல் முதல் கூட்டம் ரெயில் ஏறியது. 1929 வரை சுமார் 2 லட்சம் பிள்ளைகள் இப்படிப் போனார்கள்.

நல்ல வீடு கிடைத்தவர்களும் உண்டு. இருவர் பிற்காலத்தில் கவர்னர் ஆனார்கள்!

ஆனால் பலர் அநாதைகளே அல்ல. தாயோ, தகப்பனோ உயிரோடு இருந்தார்கள்.

கணவனை இழந்தவள் என்ன செய்வாள்? வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. பிள்ளையைப் பார்த்தால் சோறு இல்லை. பெற்ற பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அநாதை இல்லத்துக்கு நடந்தாள்.

அநாதை எழுதிய கடிதம்

இதை மாற்ற ஒருவர் முன்வந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் வெஸ்ட்.

6 வயதில் தாயை இழந்தவர். வாஷிங்டனில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். நோயினால் ஒரு கால் ஊனம். ஆனாலும் படித்து வக்கீல் ஆனார்.

"குழந்தைகளுக்காக ஒரு மாநாடு கூட்டுங்கள்" என்று அவர் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டைக் கேட்டுக்கொண்டார்.

1909 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் சுமார் 200 பேர் கூடினார்கள். ஏழ்மை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை வீட்டில் இருந்து பிரிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

பணம் தாயின் கையில்!

அநாதை இல்லத்துக்குச் செலவாகும் பணத்தைத் தாயிடமே கொடுத்தால் என்ன?

1911-ல் இல்லினாய் மாநிலம் அதற்குச் சட்டம் செய்தது. மற்ற மாநிலங்களும் பின்பற்றின. 1935-ல் மத்திய அரசும் பணம் கொடுக்க முன்வந்தது.

குறையும் இருந்தது. "இவள் ஒழுங்கான தாய்தானா?" என்று அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து சோதித்தார்கள். கறுப்பினத் தாய்மாரில் மிகப் பலருக்கு உதவி கிடைக்கவில்லை. 1996-ல் அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு, காலக்கெடு உள்ள வேறு உதவியைக் கொண்டு வந்தார்கள்.

என்றாலும் 1909-ல் எடுத்த முடிவு நல்ல முடிவு. வீட்டில் அடுப்பு எரியவில்லையா? அடுப்பு எரிய வழி செய்யுங்கள். பிள்ளையைத் தாயிடமே விட்டு விடுங்கள்!