ஃபைல் மாறியது, சர்வர் மாறவில்லை

நூறு சர்வர்களில் பாஸ்வேர்ட் லாகினை நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் நுழைந்து எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைலில் 'யெஸ்' என்பதை 'நோ' என்று திருத்திக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? அதற்குத்தான் ஆன்சிபிள். மைக்கேல் டீஹான் 2012-இல் வெளியிட்டது. 2015-இல் ரெட் ஹாட் வாங்கியது. செய்ய வேண்டிய மாற்றங்களை எழுதிய ப்ளேபுக்கை ஓடவிட்டதும் எல்லாச் சர்வர்களுக்கும் மஞ்சள் நிறத்தில் 'சேஞ்ச்டு' என்று வருகிறது. அப்படியும் சில சர்வர்கள் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே விடுகின்றன.

ஃபைல் மாறியது என்பதுதான் அந்த மஞ்சள் எழுத்துக்குப் பொருள். சர்வரின் நடத்தைக்கு அது பொறுப்பேற்பதில்லை. இந்த இடத்தில் பலரும், மாற்ற வேண்டிய வரியைத் தேடும் ரெஜெக்ஸையே குடைந்துகொண்டிருப்பார்கள். அந்த ஃபைலை எந்த மென்பொருள், எந்த வரிசையில் படிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

ஆன்சிபிளின் 'லைன்-இன்-ஃபைல்' மாட்யூல், ரெஜெக்ஸுக்குப் பொருந்தும் வரிகள் பல இருந்தால் கடைசி வரியை மட்டும் மாற்றும். எஸ்எஸ்ஹெச் சர்வரோ ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும். மாற்றிய வரி கீழே இருக்க, பழைய வரி மேலே ஆட்சி செய்யும்.

பொருந்தும் வரியே இல்லையென்றால் சிக்கல் இன்னும் நுட்பமானது. புதிதாக நிறுவிய சர்வரில் அந்த வரி பெரும்பாலும் ஹாஷ் குறியோடு முடக்கப்பட்டிருக்கும். ரெஜெக்ஸில் ஹாஷுக்கு இடம் வைக்காவிட்டால், மாட்யூல் புது வரியை ஃபைலின் கடைசியில் சேர்த்துவிடும். அங்கே எஸ்எஃப்டிபி பயனர்களுக்கென்று ஒரு 'மேட்ச்' பகுதி இருந்தால், நம் வரி அதற்குள் விழுகிறது. தடை அவர்களுக்கு மட்டும் பொருந்துகிறது. இலக்கணம் சரியாக இருப்பதால் மாட்யூலின் 'வேலிடேட்' சோதனையிலும் தேறிவிடும். இந்தப் பிழையைத்தான் நான் மிகவும் ஆபத்தானதாக நினைக்கிறேன். எங்கும் சிவப்பு எழுத்தே வராது.

உபுண்டு 20.04 முதல், கான்ஃபிக் ஃபைலின் தொடக்கத்திலேயே ஒரு 'இன்க்ளூட்' வரி இருக்கிறது. கிளவுட் சர்வர்களை முதல் முறை அமைத்துத்தரும் கிளவுட்-இனிட் எழுதி வைக்கும் துணை ஃபைல் அதன் வழியே முதலில் படிக்கப்படும். அதில் 'யெஸ்' இருந்தால், முதன்மை ஃபைலில் என்ன திருத்தினாலும் பலனில்லை. அதே துணை டைரக்டரியில் 00 என்று தொடங்கும் பெயரில் நம் ஃபைலை வைப்பதே சரியான வழி. பெயர் வரிசைப்படி அது முந்திக்கொள்ளும்.

'ரீப்ளேஸ்' மாட்யூலில் வேறொரு பொறி. பொருந்தும் எல்லா இடங்களையும் மாற்றும் இதில், போர்ட் எண்ணை 2222 ஆக்க \12222 என்று எழுதினால், ரெஜெக்ஸ் பிடித்த முதல் குழுவும் 2222-உம் வரும் என்றுதான் தோன்றும். பைத்தானோ \122 வரை சேர்த்து எண்ம எண்ணாகப் படித்து, ஆங்கில 'ஆர்' எழுத்தாக்கிவிடும். மிஞ்சுவது 'ஆர்22' என்ற வரி. பின்சாய்கோட்டுக்குப் பிறகு 'ஜி' எழுத்தும் கோண அடைப்புக்குள் குழு எண்ணும் போட்டால் இந்தக் குழப்பம் வராது. ரெஜெக்ஸை ஒற்றை மேற்கோளில் எழுதுங்கள். இரட்டை மேற்கோளில் பின்சாய்கோட்டை, ப்ளேபுக் எழுதப்படும் வடிவமான யாமல் தன் பொருளில் படித்துவிடும்.

ப்ளேபுக்கை ஓடவிடுமுன் 'செக்', 'டிஃப்' ஆப்ஷன்கள் இரண்டையும் சேர்த்து ஒத்திகை பாருங்கள். ஓடிய பிறகு 'எஸ்எஸ்ஹெச்டி' கட்டளையைப் பெரிய 'டி' ஆப்ஷனுடன் இயக்குங்கள். சின்ன 'டி' இலக்கணத்தை மட்டும் சோதிக்கும். பெரிய 'டி' எல்லா ஃபைல்களையும் படித்து, இறுதியில் நிற்கும் மதிப்புகளைக் காட்டும். அந்த வெளியீட்டில் பாஸ்வேர்ட் லாகினுக்கு 'நோ' இல்லையென்றால் ப்ளேபுக் தோற்று நிற்கும்படி ஒரு டாஸ்க் எழுதிவிடுங்கள். சர்வீஸை ரீலோட் செய்யும்போது, திறந்திருக்கும் ஒரு செஷனை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொன்றில் நுழைந்து பாருங்கள்.