உஷார்! இழுக்கும் வண்டி நிற்குமா?

பெரிய எஸ்யூவிக்குப் பின்னால் கேம்பர் டிரெய்லரைக் கோத்துக்கொண்டு குற்றாலத்தில் சீசன் குளியல், அப்படியே புளியரை வழியாகத் தென்மலை என்று திட்டம் போட்டிருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வண்டி இழுக்கும், அதில் சந்தேகமில்லை. இறக்கத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

2024 பிப்ரவரி 25 அதிகாலை, கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி, புளியரை 'எஸ்' வளைவில் கட்டுப்பாட்டை இழந்து கீழே ரயில் தண்டவாளத்தில் போய் விழுந்தது. ஓட்டுநர் இறந்தார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி டார்ச் லைட்டோடு ஓடி, வந்த ரயிலை நிறுத்தினார்கள். லாரி ஓட்டுவதே தொழிலாக உள்ளவருக்கே அந்த வளைவு அப்படி!

டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் அதன் எடை முழுவதையும் உங்கள் கார் பிரேக்தான் தாங்க வேண்டும். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, கருகல் வாடை வரும், பிறகு பிடிக்காது. 'ஏறின கியரிலேயே இறங்கு' என்பது லாரிக்காரர்கள் பாடம். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் கையால் குறைத்து வையுங்கள்.

சாமான் அடுக்குவதிலும் ஆபத்து இருக்கிறது. டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும்; 1,000 கிலோ என்றால் 100 கிலோ. தண்ணீர் கேன், சிலிண்டர் எல்லாவற்றையும் பின்னால் திணித்தால் டிரெய்லர் வாலாட்டும். சீசனில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது கேட்கவே வேண்டாம். ஆடத் தொடங்கினால் ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள், சட்டென்று பிரேக்கும் போடாதீர்கள்; நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். கார் கையேட்டில் இழுவை எடை எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டு யூடியூபர் அதே காரில் இழுத்தார் என்பது கணக்கில் வராது.

இரவுத் தங்கலில் இன்னும் உஷார். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகுந்திருந்தது. அதற்கு வாடையே கிடையாது. தூங்கும் முன் ஜெனரேட்டரை அணைத்துவிடுங்கள்.

ஓடைக்கரையிலும் நிறுத்தாதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுப் பையனை அடித்துப் போனது. மழை மலைமேல் பெய்யும். கீழே நிற்பவருக்குத் தெரியாது.

கேம்பர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தென்காசியிலேயே சமதளத்தில், அனுமதியுள்ள இடமாகப் பார்த்து அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, அருவிக்கும் மலைக்கும் வெறும் காரில் போய் வாருங்கள்.