வழிநூலும் உரிமையும்: ஜெஃப் மின்ரரின் கணனி விளையாட்டுக்கள் பற்றிய இரசிகர் விவாதம்

கலைப்படைப்புக்களை மதிப்பிடுதல் பற்றிய விவாதங்கள் கல்விநெறியாளர் மத்தியில் மாத்திரம் நிகழ்வன அல்ல. ஆய்வாளர் பெரும்பாலும் எட்டிப்பாராத கணனி விளையாட்டுத் துறையிலும், மூலம் எது, வழி எது, உருவம் உள்ளடக்கத்தை விழுங்கிவிடலாமா என்னும் வினாக்கள் மிகுந்த உக்கிரத்துடன் எழுப்பப்பட்டு வந்துள்ளன. அவற்றை எழுப்புவோர் விமரிசகர் என்ற பெயரைத் தமக்குச் சூட்டிக்கொள்ளாத இரசிகர்கள். பிரித்தானிய நிரலாளரான ஜெஃப் மின்ரர் பற்றி அவர்கள் நாற்பது ஆண்டுகளாக நடத்திவரும் வாதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஒரு சாரார் அவரை இத்துறையின் அரிய கலைஞர் என்பர். மறுசாரார், பிறர் ஆக்கியவற்றுக்கு வர்ணம் பூசியவர் என்பர். இவ்விரு கூற்றுக்களையும் அவை தோன்றிய சமூகப் பின்னணியில் வைத்து நோக்குவதே எமது நோக்கமாகும்.

1962 இல் பிறந்த மின்ரர், லாமாசொஃப்ற் என்னும் தமது சிறு நிறுவனத்தை 1982 இல் தொடங்கினார். பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டிய ஆண்டு அது. மலிவான வீட்டுக்கணனிகள் பரவத் தொடங்கிய காலமும் அதுவே. சின்கிளெயர் நிறுவனத்தின் இசற்எக்ஸ் 80 கணனி 1980 இலும் ஸ்பெக்ற்றம் 1982 இலும் விற்பனைக்கு வந்தன. கொமடோர் நிறுவனத்தின் விக் 20, கொமடோர் 64 ஆகியனவும் இதே ஆண்டுகளில் வீடுகளுள் நுழைந்தன. தனியொருவர் தமது அறையில் இருந்தவாறே செய்நிரலை எழுதி, படங்களையும் ஒலிகளையும் தாமே அமைத்து, ஒலிப்பதிவு நாடாவிற் பதிந்து, அஞ்சல் மூலமும் கணனிக் கண்காட்சிகளிலும் விற்கலாம் என்ற நிலை உருவாயிற்று. உற்பத்திக் கருவியும் உழைப்பும் ஒருவரிடமே இருந்த இந்நிலையைக் குடிசைக் கைத்தொழில் என்று கூறின் அது மிகையன்று. ஆனால் அது நீடிக்கவில்லை. பெரும் விளம்பரங்களோடு எழுந்த இமேஜின் நிறுவனம் 1984 இல் வீழ்ந்தது. எஞ்சியோருட் பலர் பெரிய வெளியீட்டாளரின் கீழ்ச் சம்பளத்துக்கு உழைப்பவராயினர். மின்ரர் அவ்வாறு முற்றாகக் கரைந்துபோகாதவர் என்பது இரசிகர் அவர்மீது கொண்ட பற்றுக்கு ஒரு முக்கிய காரணமாகும். அவருடைய ஆட்டங்களில் ஒட்டகம், லாமா, செம்மறியாடு ஆகியன திரும்பத் திரும்ப வருவதும் அவரது தனி முத்திரையாகக் கொண்டாடப்படுகிறது.

அவர்மீது சுமத்தப்படும் முதற் குற்றச்சாட்டு, அவர் மூலப்படைப்பாளி அல்லர் என்பது. இதற்கான சான்றுகள் பலமானவை. 1982 இல் ஒரு வாரத்தில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் கிரிட்றன்னர், அற்றாரி நிறுவனம் 1981 இல் வெளியிட்ட சென்ரிபீட் என்னும் காசுப்பொறி விளையாட்டின் வழிவந்தது. 1983 இல் வந்த அற்றாக் ஒஃப் த மியூற்றன்ற் கமல்ஸ், நட்சத்திரப் போர்கள் திரைப்படத்தை ஒட்டிய ஓர் ஆட்டத்தின் நடக்கும் போர்ப்பொறிகளுக்குப் பதிலாக இராட்சத ஒட்டகங்களை நிறுத்தியது. 1991 இன் லாமற்றோன், 1982 இல் வெளிவந்த றொபொற்றோன் 2084 இன் மறுஆக்கம். அவரது பெரும் புகழுக்குக் காரணமான ரெம்பெஸ்ற் 2000, அற்றாரிக்காக டேவ் தியூரர் 1981 இல் ஆக்கிய ரெம்பெஸ்றைத் தனது பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

இச்சான்றுகளை இரசிகர் எவரும் மறுப்பதில்லை. அவற்றிலிருந்து பெறப்படும் முடிபே விவாதத்துக்குரியது. மூலம் என்ற கருத்தையே ஐயத்துடன் நோக்கவேண்டியுள்ளது. தியூரரின் ரெம்பெஸ்ற், யப்பானில் 1978 இல் தோன்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தை ஆடுவோரின் கண்நோக்கில் அமைக்கும் முயற்சியாகவே தொடங்கிற்று. பின்னரே அது குழியொன்றிலிருந்து ஏறிவரும் பகைவரைச் சுடும் வடிவத்தைப் பெற்றது. எனவே முதனூலென்று போற்றப்படுவதும் ஒருவகையில் வழிநூலே. தமிழ் இலக்கண மரபு இவ்விடயத்தில் எமக்குக் கைகொடுக்கிறது. தொல்காப்பிய மரபியல் வழிநூலைக் குறைபாடாகக் கொள்ளாது, அதனை நால்வகையாகப் பகுத்து முறைப்படுத்துகிறது. பிற்கால நன்னூலோ, வழிநூல் முதனூலோடு பொதுவில் ஒத்திருந்து, பின்வந்தோன் வேண்டிய வேறுபாடுகளைக் கொண்டிருத்தல் வேண்டும் என்ற கருத்தை வைக்கிறது. கேட்கவேண்டிய கேள்வி மின்ரர் கடன் வாங்கினாரா என்பதன்று. வாங்கியதில் அவர் செய்த வேறுபாடு யாது என்பதே.

கிரிட்றன்னரை எடுத்துக்கொள்வோம். சென்ரிபீடில் எதிரி மேலிருந்து கீழிறங்கிவருவான். ஆடுவோரின் கண் மேல்நோக்கியிருந்தாற் போதும். மின்ரர் திரையின் இடது விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரு சுடுபொறிகளை ஓடவிட்டார். அவற்றின் கதிர்களில் அகப்படுபவர் அழிவர். இதனால் மூன்று திசைகளையும் ஒருங்கே கவனிக்கவேண்டிய புதிய பதற்றம் தோன்றியது. ஒட்டக ஆட்டத்தில் வேறுபாடு இன்னும் அடிப்படையானது. 1984 இல் வந்த அதன் தொடர்ச்சியான றிவெஞ்ச் ஒஃப் த மியூற்றன்ற் கமல்ஸில், முன்பு சுடப்பட்ட ஒட்டகமே ஆடுவோரின் பாத்திரமாகிறது. வேட்டையாடப்பட்டது வேட்டையாடுகிறது. இதனை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடலாம். எனினும் அக்காலத்துச் சுடும் ஆட்டங்கள் யாரைச் சுடுகிறோம் என்ற கேள்வியைக் கேட்டதே அரிது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது குற்றச்சாட்டு உருவம் பற்றியது. 2007 இல் வெளிவந்த ஸ்பேஸ் ஜிராஃப் இரசிகரையும் பத்திரிகை விமரிசகரையும் இருகூறாக்கியது. சிலர் அதற்கு மிகத் தாழ்ந்த புள்ளிகளை வழங்கினர். வேறு சிலர் அதனை அவ்வாண்டின் சிறந்த ஆட்டங்களுள் ஒன்றாகக் கருதினர். ஒளியும் வர்ணமும் திரையெங்கும் கொப்பளிக்க, எதிரி எங்கே, எறிகணை எங்கே என்று கண்ணால் அறியமுடியாத ஆட்டம் ஆட்டமாகுமா என்பதே கண்டித்தோரின் வினா.

இதற்கு விடை காண்பதற்கு மின்ரரின் மற்றொரு பணிமரபை அறிந்திருத்தல் அவசியம். அவர் 1984 இலேயே சைக்கெடீலியா என்னும் செய்நிரலை வெளியிட்டார். அதில் புள்ளியும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. இசை கேட்டுக்கொண்டே ஜோய்ஸ்ரிக்கினால் ஒளிக்கோலங்களை இயக்கும் ஒரு வாத்தியம் எனலாம். அப்பணி பின்னர் ரிப்-எ-ட்ரோன், அற்றாரி ஜகுவார் இறுவட்டுக் கருவியின் ஒளிப்பொறி, 2005 இல் எக்ஸ்பொக்ஸ் 360 உடன் வந்த நியோன் எனத் தொடர்ந்தது. ஸ்பேஸ் ஜிராஃப் இவ்வொளி வாத்தியமும் காசுப்பொறி மரபும் சந்தித்த இடம். அதில் ஒவ்வொரு எதிரிக்கும் வெவ்வேறு ஒலி உண்டு. கண் தோற்கும்போது காது வழிகாட்டுகிறது. மேலும், ரெம்பெஸ்றில் குழியின் விளிம்பை எட்டிய எதிரி மரணத்துக்கு ஒப்பானவன். இங்கோ எதிரிகளை விளிம்புக்கு வரவிட்டு, தக்க தருணத்தில் அவர்களை மொத்தமாக முட்டித் தள்ளுவதே உயர்ந்த புள்ளிக்கு வழி. பழைய ஆட்டத்திற் பழகிய கைகள் இங்கே தவறு செய்கின்றன. கண்டித்தோர் பலர் இதனை ரெம்பெஸ்றாகவே ஆடி ஏமாந்தனர் என்று ஆதரவாளர் கூறுவதில் உண்மை உண்டு.

ஆயினும் அவ்வாதரவாளரின் வாதம் முழுவதையும் நாம் ஏற்பதற்கில்லை. போதிய காலம் ஆடாதவருக்கு இது விளங்காது என்னும் நிலைப்பாடு, பண்டிதர் சிலர் வாசகரை நோக்கிக் காட்டிய பழைய அகந்தையின் மறுவடிவமே. ஆட்டத்தின் அடிப்படை விதியை ஆடுவோருக்கு உணர்த்துவது ஆக்கியோனின் கடன். அக்கடனை மின்ரர் 2007 இல் போதியளவு நிறைவேற்றவில்லை. விலங்கு நகைச்சுவையும் காலப்போக்கிற் சலிப்பூட்டுவது. நண்பர் வட்டத்துக்குள் மட்டும் சிரிப்பை வரவழைக்கும் குறிச்சொல்லாக அது சில ஆட்டங்களிற் சுருங்கிவிடுகிறது. எமது மதிப்பீட்டில் அவரது ஆக்கங்களுட் தலையாயது லாமற்றோனே. குளிர்பானப் பேணிகள் முதலிய அன்றாட நுகர்பொருட்களே பகைவராகப் படையெடுக்கும் அவ்வாட்டத்தில் நகைச்சுவை எவர்க்கும் திறந்திருக்கிறது, வேகம் இருக்கிறது, கண்ணுக்குக் குழப்பமில்லை.

லாமற்றோன் விநியோகிக்கப்பட்ட முறையும் கவனத்துக்குரியது. அதனை எவரும் பிரதிசெய்து பிறருக்குக் கொடுக்கலாம். பிடித்திருந்தால் ஆக்கியோனுக்கு ஐந்து பவுண் அனுப்பலாம். வெளியீட்டாளரும் கடைக்காரரும் இடையில் இல்லாத இவ்வேற்பாட்டிற்குப் பலர் மனமுவந்து பணம் அனுப்பினர். அது நிலையான வாழ்வாதாரமாகவில்லை என்பது வேறு விடயம்; அடுத்த சில ஆண்டுகளில் அவர் அற்றாரிக்காக உழைக்கலானார். ஜகுவார் கருவிக்கென 1994 இல் வந்த ரெம்பெஸ்ற் 2000 அதன் விளைவே. வணிகத்தில் தோற்ற அக்கருவியின் ஆகச்சிறந்த ஆட்டமாக அது இன்றும் கணிக்கப்படுகிறது.

இவ்விடத்தில்தான் இரசிகர் விவாதம் வெறும் ரசனைப் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டுகிறது. 2014 இல் மின்ரர், சோனியின் கையடக்க வீற்றா கருவிக்காக ரீஎக்ஸ்கே என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். அதுவும் ரெம்பெஸ்ற் மரபினதே. அதனை வேறு கருவிகளுக்குக் கொண்டுசெல்ல அவர் முற்பட்டபோது, அற்றாரியின் வழக்கறிஞர்கள் உரிமை மீறல் என்று கூறித் தடுத்துள்ளனர் என்பதை 2015 இல் அவர் பகிரங்கப்படுத்தினார். தடுத்த அற்றாரி எது? தியூரர் பணியாற்றிய நிறுவனம் 1984 இலேயே துண்டாடப்பட்டது. அதன் பெயரையும் ஆக்க உரிமைகளிற் பலவற்றையும் கொண்டிருந்த பகுதி 1996 இல் ஒரு வன்தட்டு உற்பத்தியாளருடன் இணைந்தது. 1998 இல் விளையாட்டுப் பொருள் நிறுவனமான ஹஸ்புரோவுக்கு விற்கப்பட்டது. பின்னர் பிரான்சின் இன்ஃபோகிறாம்ஸ் கைக்கு வந்தது. இன்ஃபோகிறாம்ஸ் 2009 இல் அற்றாரி என்ற பெயரைத் தானே சூடிக்கொண்டது. ரெம்பெஸ்றை ஆக்கியவரும் அதற்குப் புத்துயிர் அளித்தவரும் உரிமையற்றவராக, பெயரை விலைக்கு வாங்கியவர் மரபின் காவலராயினர். மின்ரர் மூலப்படைப்பாளி அல்லர் என்று ரசனை அடிப்படையில் வாதிட்டோரின் சொற்கள், சட்டத்தின் மொழியில் எவ்வாறு உருமாறக்கூடும் என்பதனை அவர்களும் இதன்போது கண்டனர்.

பிணக்கு உடன்பாட்டில் முடிந்தது. 2018 இல் ரெம்பெஸ்ற் 4000 அற்றாரியின் பெயரிலேயே வெளிவந்தது. 1982 இல் வெளியிடப்படாது கைவிடப்பட்ட அக்கா ஆர் என்னும் காசுப்பொறி ஆட்டத்தை மின்ரர் 2023 இல் அதே நிறுவனத்துக்காகப் புதுக்கினார். இதனைச் சரணாகதி என்போரும் உளர்; தாம் நேசித்த மரபுக்குள் தொழில் செய்வதற்கு அவருக்கு எஞ்சியிருந்த வழி அதுவே என்போரும் உளர். பின்னைய கருத்தே எமக்கு ஏற்புடையது. அவர் ஆடுகளையும் லாமாக்களையும் வளர்த்துக்கொண்டு வேல்சின் கிராமப்புறத்தில் வாழ்பவர். சட்டப்போர் நடத்தும் மூலதனம் உடையவர் அல்லர்.

2024 இல் டிஜிற்றல் எக்லிப்ஸ் நிறுவனம் அவரது 42 ஆட்டங்களை வரலாற்றுக் குறிப்புக்கள், நேர்காணல்கள் ஆகியவற்றோடு தொகுத்து வெளியிட்டது. இத்துறையில் இத்தகைய பதிப்புப்பணி அரிது, பாராட்டத்தக்கது. அந்நிறுவனத்தை அற்றாரி 2023 இல் வாங்கியிருந்தது என்பதையும் இங்கு குறிப்பிடல் தகும். தொகுப்பின் பெரும்பகுதி 1994 வரையான காலத்துக்குரியது. இரசிகரை இருகூறாக்கிய ஸ்பேஸ் ஜிராஃப்போ, தடைசெய்யப்பட்ட ரீஎக்ஸ்கேயோ அதில் இடம்பெறவில்லை. ஸ்பேஸ் ஜிராஃப் முதலில் விற்கப்பட்ட எக்ஸ்பொக்ஸ் 360 இணைய அங்காடி, 2024 யூலையில் மூடப்பட்டது.