கப்பலில் 'ரோம்' போறீங்களா? கப்பல் நிற்பது ரோமில் இல்லை! டிக்கெட் போடும் முன் கவனிக்க வேண்டியவை

ஏழு நாள், ஐந்து ஊர். பெட்டியை ஒரு முறை பிரித்து வைத்தால் போதும், கப்பலே ஊர் ஊராக அழைத்துப் போகும். மத்தியதரைக் கடல் சொகுசுக் கப்பல் பயண விளம்பரங்கள் இப்படித்தான் இருக்கும். ஆனால், சேமிப்பை எல்லாம் போட்டு அப்பா, அம்மாவையும் கூட்டிட்டுப் போய், "எந்த ஊரையும் சரியா பார்க்கலையே" என்று திரும்பி வருபவர்களும் உண்டு. கப்பல் எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதில்தான் சிக்கலே இருக்கு.

பெயர் ரோம்.. துறைமுகம் எங்கே?

பட்டியலில் 'ரோம்' என்று இருந்தால், கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் சுமார் 70 கி.மீ. 'புளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ துறைமுகம். 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர்; அங்கிருந்து பாரிஸ் சுமார் 200 கி.மீ. தூரம்!

வெனிஸ் கதையும் இதேதான். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் அந்நகரின் ஜியுடெக்கா கால்வாயில் செல்லத் தடை. அதனால் 100 கி.மீ.க்கும் அப்பால் உள்ள ரவென்னா, ட்ரியெஸ்ட் துறைமுகங்களில் நிற்கும் கப்பல்களும் உண்டு.

11 மணி நேரம் 5 ஆவது எப்படி?

காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும் வரிசை, ரயில் நிலையத்துக்கு பஸ், பிறகு ரயில் என ரோம் போய்ச் சேரவே 10 மணி ஆகிவிடும். கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஏறியாக வேண்டும் என்பதால், 3 மணிக்கே திரும்பணும். மிச்சம் 5 மணி நேரம்தான். கொலோசியமா, வாடிகனா? ஏதாவது ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும்.

கிழமையும் முக்கியம். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. புளோரன்ஸின் உஃபிசி கலைக்கூடத்துக்கு திங்கள் விடுமுறை.

சாண்டோரினியில் என்ன சிக்கல்?

கிரீஸின் இந்தத் தீவில் பெரிய கப்பல்கள் கரைக்கே வராது. கடலில் நங்கூரமிட்டு, சிறு படகில் இறக்கிவிடுவார்கள். மேலே ஊருக்குப் போக கேபிள் கார், இல்லையென்றால் 500-க்கும் மேற்பட்ட படிகள். ஒரே நாளில் பல கப்பல்கள் வந்தால் கேபிள் கார் வரிசையிலேயே பாதி நாள் போயிடும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு இது பெரும் சோதனை.

பணம் திரும்பக் கிடைக்குமா?

வானிலை மோசமானால் ஒரு ஊரையே தவிர்த்துவிட்டுப் போகும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு. டிக்கெட் ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பக் கிடைக்கும்.

டிக்கெட் போடும் முன்...

* ஊர் பெயரை விட்டுட்டு துறைமுகத்தின் பெயரைப் பாருங்க. அங்கிருந்து ஊருக்கு எவ்வளவு தூரம் என மேப்பில் தேடுங்க.
* நிற்கும் நேரத்தில் போக, வர ஆகும் நேரத்தைக் கழித்துப் பாருங்க.
* படகில் இறங்கும் ஊர் எது என்று முன்கூட்டியே கேளுங்க.
* கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது.
* கிரீஸில் ஏறி, துருக்கி போய், மீண்டும் கிரீஸ் வரும் பயணமா? இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா எடுப்பதே பாதுகாப்பு.

ஐந்து ஊரை எட்டிப் பார்ப்பதைவிட, மூன்று ஊரில் நாள் முழுக்க நிற்கும் கப்பலே கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும்.