முதுகில் குடை சுமக்கும் விமானம்

தொலைவில் வரும் கப்பலின் பாய்மரம் முதலிலும் உடற்பகுதி பின்னரும் தெரிவதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பூமியின் வளைவால் ரேடாருக்கும் இதே தொல்லை உண்டு. 30 மீட்டர் உயரக் கோபுரத்திலுள்ள ரேடார், கடல் மட்டத்தை ஒட்டிப் பறந்துவரும் பகை விமானத்தைச் சுமார் 20 கிலோமீட்டருக்குள் வந்த பின்பே காணும். வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வரும் விமானத்திற்கு அது 80 வினாடிப் பயணம்!

ரேடாரை உயரத் தூக்கினால்? உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்குங்கள், தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 9,000 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 340 வரும். காற்று மண்டலம் அலைகளைச் சற்றே வளைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆனால் கணிப்பொறிகள், அவற்றை இயக்குவோர், ஏராளமான மின்சாரம், பல மணி நேரம் பறக்க எரிபொருள் ஆகியவற்றுக்குப் போர் விமானத்தில் இடமேது? எனவேதான் பயணி விமானத்தை நாடினார்கள். 1977இல் அமெரிக்க விமானப் படையில் சேர்ந்த ஈ-3, போயிங் 707இன் மறுபிறவியே. முதுகில் இரு தாங்கிகள் மேல் 9.1 மீட்டர் விட்டமுள்ள தட்டு, அதற்குள் ஆண்டெனா. பத்து வினாடிக்கு ஒரு சுற்று. ரேடார் ஓய்வில் இருக்கும்போதும் தட்டு நான்கு நிமிடத்திற்கொரு முறை சுற்றும். தாங்கு உருளைகளில் மசகு சீராகப் பரவ வேண்டுமல்லவா? 707 உற்பத்தி 1991இல் நின்றதும், ஜப்பானுக்காக இந்த அமைப்பைப் போயிங் 767இல் ஏற்றினார்கள்.

மேலிருந்து கீழே நோக்கும்போது வேறொரு சங்கடம். தரையிலிருந்து திரும்பும் வலுவான எதிரொலியில், விமானத்தின் சிற்றொலி மூழ்கிவிடும். இங்கே கைகொடுப்பது டாப்ளர் விளைவு. நெருங்கிவரும் ரயிலின் ஊதல் உச்சத்தில் கேட்பதுபோல், நகரும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். நம் விமானமே ஓடுவதால் தரையும் ஓடுவதாகத் தோன்றும். அந்த மாற்றத்தைக் கணிப்பொறி கழித்துவிடும். எஞ்சுவதே இலக்கு. இந்த ஏற்பாட்டில் என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காற்றில் இத்தனை பெரிய தட்டைத் தாங்குவது எளிதன்று. 1999 ஜனவரி 11 அன்று அரக்கோணம் அருகே, இத்தகைய தட்டைச் சுமந்து சோதனையில் இருந்த நம் ஆவ்ரோ விமானம் விழுந்து எட்டுப் பேர் மாண்டனர். தட்டு விமானத்திலிருந்து பிரிந்துவிட்டிருந்தது.

பின்னர் எம்ப்ரேயர் 145 பயணி ஜெட்டில் நாம் உருவாக்கி, 2017இல் விமானப் படையிடம் ஒப்படைத்த ‘நேத்ரா’வில் சுழலும் தட்டே இல்லை. முதுகில் நீண்ட பெட்டி. இருபுறமும் அசையாத ஆண்டெனாக்கள். அலையின் திசையை மின்னணு முறையில் திருப்புகிறார்கள். பார்வை 240 பாகை மட்டுமே. மூக்குப் பக்கமும் வால் பக்கமும் எஞ்சும் பகுதிகளைக் காண, விமானமே திரும்பிப் பறக்க வேண்டும்.