லேசரும் பல்லின் நிறமும்

மாணவர்களே, "லேசர் மூலம் ஒரே நாளில் வெண்பற்கள்" என்னும் விளம்பரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செட்டிகுளத்தில் பழுப்புக் கறையுள்ள பற்களைக் கையால் மறைத்துச் சிரிக்கும் ஒரு மாணவிக்கு இச்சிகிச்சை உதவுமா? ஒட்சியேற்றம், தாக்க வீதம், பல்லின் அமைப்பு ஆகிய மூன்று பாடங்களும் தெரிந்தால் விடையை நீங்களே கூறலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பல்லை வெளுப்பது லேசர் அன்று. பல்லின் மேல் பூசப்படும் பசையிலுள்ள ஐதரசன் பரவொட்சைட்டே வெளுக்கிறது. ஆய்வுகூடத்தில் மங்கனீசீரொட்சைட்டைச் சேர்த்து ஒட்சிசன் தயாரித்தோமே, அதே சேர்வைதான். தேயிலை, வெற்றிலை போன்றவற்றின் நிறப்பொருள்கள் பல்லின் வெளிப்படையான மிளிரிக்குள் (எனாமலுக்குள்) மெல்லப் புகுந்துவிடும். பரவொட்சைட்டு அவற்றை ஒட்சியேற்றி நிறமற்ற சிறு மூலக்கூறுகளாக உடைக்கிறது.

லேசரின் வேலை என்ன? 1960இல் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். லேசர் ஒளி ஏறத்தாழ ஒரே அலைநீளம் உடையது. விரிந்து பரவாது ஒரு சிறு இடத்திலேயே விழக்கூடியது. பசையில் கலந்துள்ள சாயம் அவ்வொளியை உறிஞ்சிச் சூடாகும். வெப்பநிலை உயர, பரவொட்சைட்டு பிரியும் வீதமும் உயரும். அவ்வளவே. சில வாரங்களின் பின் ஒப்பிட்டால், லேசர் இன்றி அதே பசையைப் பூசியவர்களின் பற்களும் பெரும்பாலும் அதே அளவு வெளுத்திருப்பதையே பல ஆய்வுகள் காட்டுகின்றன. விளம்பரம் இதைச் சொல்வதில்லை!

வெப்பத்தால் தீங்கும் உண்டு. பல்லின் நடுவே நரம்பும் குருதிக்கலன்களும் கொண்ட மச்சை உள்ளது. 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குரங்குகளின் பன்மச்சையின் வெப்பநிலை ஏறத்தாழ 5.5 பாகை செல்சியசினால் உயர்ந்தபோது சில பற்களின் மச்சை இறந்துபோனது. வைத்தியரிடம் பயன்படும் பசையில் பரவொட்சைட்டு 35% வரை இருக்கும். அது முரசில் பட்டால் எரிகாயம் உண்டாகும். ஆகவே முரசை மூடிய பின்னரே பூசுவர். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு இத்தகைய வெளுப்பான்களைத் தடை செய்துள்ளது. உங்கள் வயதை நினைத்துப் பாருங்கள்.

இனி அந்த மாணவியிடம் வருவோம். வவுனியா, அனுராதபுரம் உள்ளிட்ட உலர் வலயத்தின் பல கிணறுகளில் புளோரைட்டு அதிகம். பாறைக் கனிப்பொருள்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. அடுத்தடுத்த இரு கிணறுகளிலும்கூட அளவு வேறுபடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். சிறிதளவு புளோரைட்டு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். மிகையானால், முரசுக்குள் பல் உருவாகும் காலத்திலேயே மிளிரி நுண்துளைகளுடன் அமைந்துவிடும். இதுவே பற்புளோரோசிசு. ஆகவே கறை இங்கே அழுக்கன்று, அமைப்பின் குறை. பரவொட்சைட்டு பழுப்பைச் சற்று மங்கச் செய்யலாம். மிளிரியைத் திருப்பிக் கட்டாது. சிலருக்கு வெண்திட்டுகள் முன்னரிலும் எடுப்பாகத் தெரிவதுண்டு. மேற்படையை மிக மெல்லியதாக அகற்றுதல், பல்நிறப் பூச்சினால் மூடுதல் முதலிய முறைகள் உள்ளன. எது பொருந்தும் என்பதை அரசாங்க வைத்தியசாலையின் பல்வைத்தியரிடம் கேட்கலாம். செங்கல் தூள், தேசிக்காய் இரண்டும் வேண்டாம். ஒன்று மிளிரியைத் தேய்க்கும், மற்றது கரைக்கும்.

முன்வாய் நிரந்தரப் பற்களின் மிளிரி ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். ஆகவே அந்த மாணவியின் வீட்டில் மூன்று வயதுத் தம்பி இருந்தால், அவனுக்கு இப்போது தேவை நல்ல குடிநீர். மழைநீரில் புளோரைட்டு மிகக் குறைவு, ஆர்.ஓ. வடிகட்டியும் அதை நீக்கும்.

மாதிரி வினா: புளோரைட்டு கூடிய கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் அதன் புளோரைட்டுச் செறிவுக்கு யாது நிகழும்?
விடை: செறிவு சற்றுக் கூடும். நீர் ஆவியாகும், புளோரைட்டு அயன்கள் ஆவியாகாது பாத்திரத்திலேயே எஞ்சும்.