மந்த காலமும் மக்களின் படிப்பும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நெசவாளர் இல்லங்களிலும் குடியானவர் இல்லங்களிலும் எழுகின்ற கேள்வி ஒன்றே: பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது? நிலத்தையோ நகையையோ ஈடு வைத்துக் கட்டுகின்ற பணம் ஆதலின், இது சிறிய கேள்வியன்று. வியாபாரம் மந்தப்பட்ட காலமாயின் கவலை இரு மடங்காகிறது. அங்கத்தினர்கள் இதனை ஆராய்வதற்குத் துணையாக, அமெரிக்க நாட்டில் நேர்ந்த ஒரு பெரிய மந்தத்தின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். எத்தொழிலில் எத்தனை பேர் வேலை பெற்றுள்ளனர் என்ற கணக்கை அந்நாட்டில் மாதந்தோறும் வெளியிடுகின்றனர். ஆகவே அங்கு நிகழ்ந்ததைத் தெளிவாகக் காண இயலும்.

அம்மந்தம் 2007-ம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி 2009-ம் ஆண்டு ஜூன் வரை 18 மாதங்கள் நீடித்தது. வீடு வாங்குவதற்குக் கொடுத்த கடன்கள் திரும்பி வாராமையால் பாங்கிகள் தள்ளாடின. தொடக்கத்தில் நூற்றுக்கு 5 பேர் வேலையின்றி இருந்தனர். 2009 அக்டோபரில் அத்தொகை நூற்றுக்கு 10 ஆயிற்று. மந்தம் முடிந்து நான்கு மாதங்கள் சென்ற பின்னரே வேலையின்மை உச்சத்தை அடைந்தது என்பது கவனிக்கத் தக்கது. வியாபாரம் முதலில் தலை நிமிர்கிறது. ஆள் சேர்ப்பது அதன் பிறகே நடைபெறுகிறது.

அந்த 18 மாதங்களில் கட்டடத் தொழிலில் சுமார் 15 லட்சம் வேலைகளும், ஆலைத் தொழில்களில் சுமார் 20 லட்சம் வேலைகளும் மறைந்தன. அதே காலத்தில் மருத்துவத் துறையிலோ நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட வேலைகள் புதிதாகத் தோன்றின. வீடு கட்டுவதை மூன்று ஆண்டுகள் ஒத்திப் போடலாம். குடல்வால் அழற்சியை ஒத்திப் போட இயலாது. இதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்நாட்டில் 65 வயது கடந்தவர்களின் மருத்துவச் செலவில் பெரும் பகுதியை அரசாங்கக் காப்புறுதித் திட்டம் ஏற்கிறது. குடும்பத்தின் பணப்பை மெலிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணம் வந்து கொண்டே இருந்தது. ஒரு தொழில் நிலைக்குமா என்று அறிய வேண்டுவோர், அத்தொழிலில் சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

அங்ஙனமாயின் எல்லோரும் நர்ஸ் படிப்பில் சேர்ந்து விடலாமா? அதுவும் அவ்வளவு எளிதன்று. கணவன்மார் வேலை இழந்ததும், முன்பு வேலையை விட்டிருந்த நர்ஸுகள் பலர் மீண்டும் ஆஸ்பத்திரிகளுக்குத் திரும்பினர். அனுபவசாலிகள் இடங்களை நிரப்பிவிடவே, புதிதாகப் படித்து வந்தவர்கள் சில பகுதிகளில் வேலைக்கு அலைய நேர்ந்தது. மேலும், 2020-ல் தொற்றுநோயால் வந்த மந்தத்தில், சாதாரணச் சிகிச்சைகள் நிறுத்தப்பட்டமையால், ஏப்ரல் என்ற ஒரு மாதத்தில் மட்டும் அந்நாட்டு மருத்துவத் துறையிலேயே சுமார் 14 லட்சம் வேலைகள் குறைந்தன. எக்காலத்தும் சரியாத தொழில் என்று எவரேனும் சொல்வாராயின் அவர் கூற்றை நாம் ஐயுறவே வேண்டும்.

இனி, நம் குடியானவர்களுக்கு விளக்கம் வேண்டாத ஒரு செய்திக்கு வருவோம். 2010-ம் ஆண்டில் மஞ்சள் விலை வானளாவ உயர்ந்தது. அதைக் கண்டு பலரும் மஞ்சள் நட்டனர். 2012-ல் விலை சரிந்து கிடந்தது. படிப்பும் இவ்வாறே நடக்கிறது. ரிச்சர்ட் பிரீமன் என்ற பொருளாதார அறிஞர் 1976-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அமெரிக்க இன்ஜினீயர்களின் தொகையும் தொடக்கச் சம்பளமும் இப்படியே மாறி மாறி ஏறி இறங்குவதைக் காட்டினார். மஞ்சளுக்கு ஒன்பது பத்து மாதம். இன்ஜினீயருக்கு நான்கு ஆண்டு. வேற்றுமை அவ்வளவே.

கம்ப்யூட்டர் படிப்பில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1999-ம் ஆண்டையொட்டி இணையக் கம்பெனிகள் செழித்திருந்தபோது அமெரிக்க மாணவர்கள் திரண்டு சென்று அப்படிப்பில் சேர்ந்தனர். 2001-ல் மந்தம் வந்தது. 2003-04-ல் சுமார் 59,000 பேர் பட்டம் பெற்று வெளிவந்தபோது சந்தை சோர்ந்திருந்தது. அதைக் கண்டு அஞ்சிய பிந்திய மாணவர்கள் ஒதுங்கினர். 2008-09-ல் பட்டம் பெற்றோர் சுமார் 38,000 பேரே. பின்வந்த பத்தாண்டில் அத்துறையில் ஆட்களுக்கு ஏற்பட்ட கிராக்கியை நம் ஊர்ப் பிள்ளைகளே அறிவர். எல்லோரும் வெறுத்து விலகிய ஆண்டில் சேர்ந்தவனே நல்ல விலைக்குச் சந்தைக்கு வந்தான். ஆதலால், கல்லூரி வாயிலில் சென்ற ஆண்டுச் சம்பளத்தைப் பெரிய எழுத்தில் பொறித்து வைத்திருந்தால், அங்கு இவ்வாண்டு எத்தனை பேர் புதிதாகச் சேர்கின்றனர் என்பதையும் சேர்த்துக் கேட்பது நலம்.

மந்த ஆண்டிலேயே பட்டம் பெற நேர்ந்த பிள்ளையின் கதி என்ன? கனடா நாட்டுப் பட்டதாரிகளைப் பற்றி 2012-ல் வெளிவந்த ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. மந்தத்தில் வேலைக்குச் சென்றோருக்குத் தொடக்கத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்கு வருமானம் குறைந்தது. ஐந்து ஆண்டில் அக்குறை பாதியாகி, பத்து ஆண்டில் மறைந்தது. சிறிய கம்பெனியில் தொடங்கிப் பின்னர் நல்ல சம்பளம் தரும் இடங்களுக்கு மாறிச் சென்றதனாலேயே பெரும்பாலும் இவ்வாறு மீண்டனர். ஆகவே, அத்தகைய காலத்தில் கிடைத்த சிறு வேலையை ஏற்றுக் கொண்டு, இரண்டொரு ஆண்டில் வேறிடம் நாடும் மகனையோ மகளையோ நிலையற்ற புத்தி என்று பெற்றோர் கடிந்து கொள்வது நியாயமன்று. படிப்புக் கடனுக்குத் தவணை குறிக்கும்போதும், முதல் மூன்று நான்கு ஆண்டுகளின் வருமானத்தைச் சுருக்கமாகவே மதிப்பிட்டுத் தவணைத் தொகையை அதற்கேற்பக் குறைத்து வைக்கும்படி கேட்டுப் பெறுதல் வேண்டும்.